சுருள்பாசி: தொட்டியில் ஒரு பயிர்

காணி நிலமும் இல்லாதார்க்கு ஒரு பயிர் உண்டென்றால் நம் அங்கத்தினர் பலர் வியப்புறுவர். வெயில்படும் முற்றத்துத் தொட்டியில் விளையும் சுருள்பாசி அத்தகையது. நீலப்பச்சைப் பாசி எனப் பெயர் பெற்றும், இது உண்மையில் பாக்டீரியா இனமே. ‘ஸ்பைருலினா’ என மாத்திரையாக விற்கப்படுவதும் இதுவே.

அம்பத்தூரார்க்கு இதனோடு ஓர் உறவுண்டு. 1949இல் தோன்றி இவ்வூரில் சைக்கிள் செய்த டி. ஐ. சைக்கிள் நிறுவனத்தின் நிறுவனர் ஏ. எம். எம். முருகப்ப செட்டியார். அவர் பெயரால் சென்னைத் தரமணியில் அமைந்த ஆராய்ச்சி மையத்தில், டாக்டர் சி. வி. சேஷாத்ரி அவர்களும் துணைவரும் 1980களில், கிராமத்தார் இப்பாசியை எளிய செலவில் வளர்க்கும் வழிகளை ஆராய்ந்தனர்.

முறை எளிது. ஒரு சாண் ஆழ நீரில் சோடா உப்பும் பிற உரங்களும் கரைத்து, தாய்ப்பாசியை இடுதல் வேண்டும். அக்காரநீரில் பிற பாசிகள் எளிதில் தலைகாட்டா. சூடு 30 முதல் 35 டிகிரி இருப்பின் நன்கு வளரும். நாளில் பலமுறை கலக்காவிடில், மேலுள்ளது வெயிலில் வெளிறும். கீழுள்ளது ஒளியின்றி வாடும். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கூரையிடல் நன்று. அறுவடைக்கு அரிவாள் வேண்டா. நெருக்கி நெய்த துணியே போதும். வடித்துப் பிழிந்து உடனே உலர்த்துக. உலர்ந்ததில் நூற்றுக்கு 60 பங்களவு புரதமாம்.

ஓர் எச்சரிக்கை. பாசி நீரிலுள்ள ஈயம் முதலிய நஞ்சுகளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் சாயக் கழிவுநீரையோ ஆலைக் கழிவுநீரையோ உணவுப்பாசிக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இனி, இப்பாசி காற்றின் கரியமில வாயுவை அடக்கும் என்று பெரிதும் பேசப்படுகிறது. கணக்கில் பொய்யில்லை: ஒரு கிலோ உலர்பாசியில் ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு அடங்கும். ஆயின் அதனை உண்டால், அக்கரி நம் மூச்சுடன் காற்றுக்கே மீளும், மட்கினும் அவ்வாறே. அன்றியும், பாசி உண்ணும் கரியில் பெரும்பகுதி, ஆலையில் செய்த சோடா உப்பிலிருந்தே வருவது. எனவே கரிக்கணக்கைக் காட்டிப் பங்குப்பணம் கேட்போரிடம், “பிடித்த கரி இறுதியில் எங்கே தங்கும்?” என்று வினவுதல் நம் கடமை.

விளைவது உணவு, விலை பெறுவதும் உணவாகவே. ஆதலின் விற்பனை உரிமத்தையும் வாங்குவோரையும் முதலில் உறுதி செய்துகொண்டு, சங்கத்தின் பொறுப்பில் ஒரு தொட்டி வைத்து ஓராண்டு பார்த்த பின்னரே அங்கத்தினர் தம் சேமிப்பை இதில் இடுவாராக.