முதல் பந்துக்குக் கூலி இல்லை

சிவகாசியில் கூலி என்றால் எண்ணிக்கைதான். எத்தனை குரோஸ் பட்டாசுக் குழாய் சுருட்டினோமோ அத்தனைக்குப் பணம். ஞாயிற்றுக்கிழமை கரிசல் பொட்டலில் டென்னிஸ் பந்து வீசும் எங்கள் பையன்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்: எந்த டோர்னமென்ட்டில் எவ்வளவு பரிசு, ஐ.பி.எல். ஏலத்தில் நடராஜனை எத்தனை கோடிக்கு எடுத்தார்கள். எம்.ஜே. கோபாலன் என்றால், "யாருண்ணே அது?"

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மதராஸும் மைசூரும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். ஆட்டம் அன்றே முடிந்துபோனது. பந்துவீச்சை நம்பிப் பிழைக்க முடியாத காலம். அவர் திறமையைக் கண்டெடுத்த சி.பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கித் தந்தார். சோறு போட்டது அந்த வேலைதான். அதே 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடியிருந்தார்.

கோபாலன் ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1935இல் தியான்சந்துடன் நியூசிலாந்து போய் ஆடியவர். 1936இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து. கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு டெஸ்ட்டிலும் அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாத கணக்கு இது.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதை வேறு. தறிக்கூலிக் குடும்பம், இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். 2015இல் ரஞ்சி, உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். கை அசைவையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது; 2025க்கான ஏலத்தில் டெல்லி 10.75 கோடி. வலைப்பயிற்சியில் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். வந்த பணத்தில் சொந்த ஊரில் ஒரு மைதானமும் கட்டினார்.

கோபாலன் 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார். வாழ்நாளில் ஆடியது ஒரே டெஸ்ட். அந்த ஆஸ்திரேலியப் பயணத்தின் 2021 பிரிஸ்பேன் டெஸ்ட்டுக்குப் பிறகு நடராஜனுக்கும் இன்னொரு டெஸ்ட் வாய்க்கவில்லை.