நந்தினி சூனியக்காரியா? எமது வாசகிகள் சொல்கிறார்கள்

அரசகுமாரனும் மந்திரவாதியும் காதலும் கலந்த கதைகளை வாசிப்பதால் பெண்களுக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் எம்மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். தொழில் பழகு, சேமித்து வை, பிள்ளைகளைப் படிப்பி என்று சொல்ல வேண்டிய சமூக சேவகி கதைப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மருதானையில் நாங்கள் நடத்தும் தையல் வகுப்பில் சனிக்கிழமைகளில் கடைசி ஒரு மணித்தியாலம் வாசிப்புக்குரியது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் ஊசியும் கையுமாகக் கேட்பார்கள். பத்து மாதங்களாக ஓடிக்கொண்டிருப்பது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. வாசகிகளே, அந்தப் பெண்களின் அபிப்பிராயங்களையே இங்கு தருகிறேன்.

1950 ஒக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கிய இக்கதை 1954 மே மாதத்தில் முடிவுற்றது. அக்காலத்தில் இந்திய இதழ்களுக்கு இலங்கையிலும் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து வகுப்புக்கு வரும் வயதான அம்மா ஒருவரின் தாயார், வாராவாரம் பக்கங்களைக் கழற்றி நூலால் தைத்து ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தாராம். 1983 ஜூலையில் அலுமாரியோடு அதுவும் எரிந்து போயிற்று. "நகை போனதை அம்மா பிறகு கதைச்சதே இல்லை. புத்தகத்தைத்தான் சாகுமட்டும் சொன்னா" என்றார்.

கதை முடிந்தபோது அன்றைய வாசகர்கள் பலர் திருப்தியடையவில்லை. திடீரென முடித்துவிட்டீர்களே, இன்னாருக்குப் பிறகு என்னவாயிற்று என்று கேட்டார்கள். கல்கி அதைத் தட்டிக்கழிக்காமல் தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். கதை எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் பலர். அந்தப் பலருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கதையில் மந்திரவாதி என்று பெயரெடுத்தவன் ரவிதாஸன். ஆந்தைபோல் குரல் கொடுப்பான். அவனிடம் மந்திரம் ஒன்றும் கிடையாது, கொல்லப்பட்ட பாண்டிய மன்னனுக்காகப் பழிவாங்கத் திரியும் சதிகாரன்தான் என்று தெரிந்ததும் இளம் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டில், இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுள் ஒருவராக ரவிதாஸன் என்ற பெயர் உண்டு. அந்த ரவிதாஸன் பிரமாதிராயன் என்ற பட்டம் பெற்ற அதிகாரி. "மாந்திரீகத்துக்குக் காசக் கொட்டுற எங்கட ஆக்களுக்கு இத வாசிச்சுக் காட்டணும்" என்றார் ஒரு ராத்தா. வகுப்பே சிரித்தது.

உண்மையான வாக்குவாதம் நந்தினியைப் பற்றித்தான். அவள் கல்கியின் கற்பனைப் பாத்திரம். குந்தவையோ தஞ்சைக் கல்வெட்டுகளில் உள்ள நிஜ இளவரசி. கதையில் ஆண்கள் நந்தினியை மோகினி, விஷப்பாம்பு என்கிறார்கள். எமது பெண்களில் பாதிப்பேரும் முதலில் அப்படியே சொன்னார்கள். அறுபது தாண்டிய, 64 விழுப்புண்கள் பெற்ற பெரிய பழுவேட்டரையரை மணந்து அவரைக் கைப்பொம்மையாக்கி வைத்திருக்கிறாளே, நல்ல பெண்ணா அவள்? கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் அதற்கு மறுப்புச் சொன்னார். "குந்தவைக்கு அப்பா ராசா. அவ ஒரு ஓலை அனுப்பினால் காரியம் நடக்கும். கோயில் பூசாரி வீட்டில வளர்ந்தவளிட்ட என்ன இருக்கு? முகம் மட்டும்தான்." சமூகவியல் வகுப்பில் நான் மூன்று வருடம் படித்ததை அக்கா நான்கு வசனத்தில் முடித்துவிட்டார். ஆனாலும் பழிவாங்கலை நான் நியாயப்படுத்த மாட்டேன் என்று சொன்னேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று எல்லோரும் போனபின் வகுப்பில் மிக இளையவள் கதிரையைவிட்டு எழும்பவில்லை. "அந்தக் கிழவரைக் கட்டச் சம்மதமா என்று நந்தினியிட்ட யாராவது கேட்டார்களா மிஸ்?" என்றாள். கதையில் அது அவளே தேர்ந்த வழி என்றேன். "எனக்கு அப்படியில்லை" என்றாள். வீட்டில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு நாற்பத்தாறு வயது. ஆறு மாதமாக என்னோடு பழகும் பிள்ளை, ஒரு ராணியின் பெயரைச் சொல்லித்தான் இதை வெளியே விட முடிந்தது. தாயாரைச் சந்தித்தேன். கணவனை இழந்தவர், கடன்காரர். "கடனை நீங்களா கட்டுவீங்கள் மிஸ்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலமுறை பேசியபின் திருமணப் பேச்சு ஒரு வருடம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கதையின் இரண்டாம் பாகத்தில் பூங்குழலி வந்தியத்தேவனைக் கோடிக்கரையிலிருந்து படகில் எமது நாட்டுக்கு அழைத்து வருகிறாள். ஊமை ராணியும் அநுராதபுரமும் வரும் அப்பகுதியைக் கேட்க எல்லோருக்கும் தனிப் பிரியம். அங்கே பிக்குமார் கொடுக்க வரும் இலங்கைச் சிம்மாசனத்தை அருள்மொழிவர்மர் மறுத்துவிடுகிறார். 2022இலும் 2023இலும் வந்த மணிரத்னத்தின் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு எம்மோடு உட்காரும் சிங்களச் சகோதரி ஒருவர், "பாடசாலையில் எங்களுக்கு வேறு மாதிரி அல்லவா படிப்பித்தார்கள்?" என்றார். அவர் சொன்னதும் சரியே. அருள்மொழி ராஜராஜனாகிய பின் 993 அளவில் சோழர் படை அநுராதபுரத்தை அழித்தது. 1017இல், அவர் மகன் ராஜேந்திரனின் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் முடியோடும் அரசியோடும் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாடு கொண்டு செல்லப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அங்கேயே இறந்தான். மகாவம்சம் அந்த அரசியை 'மகேசி' என்று பட்டத்தால் மட்டும் சுட்டுகிறது. பொலன்னறுவையில் சோழ அரசியின் பெயர் தாங்கிய வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் கல்லாய் நிற்கிறது. அந்த மற்ற அரசியின் கதையை யார் எழுதியிருக்கிறார்கள் என்று சகோதரி கேட்டார். ஊசிகள் கொஞ்ச நேரம் ஓடவில்லை.

இப்போது ஐந்தாம் பாகத்தில் நிற்கிறோம். முடிவு முன்பே தெரிந்த வெள்ளவத்தை அம்மா வாயைத் திறக்கக் கூடாதென்று ராத்தாமார் கட்டளையிட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அதை எழுதிவிட வேண்டாம் என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.