தலைக்கவசத்துக்குள் ஒரு பாட்டு

விடியும் முன்பே தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். செனவாங், நீலாய்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் அவர்கள். தலையில் கவசம், அதற்குள் காதில் இயர்போன், அதில் பாட்டு. "சார், இதனால் காது கெட்டுப்போகுமா?" என்று தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

பாட்டைக் குறை சொல்லுமுன் காற்றைப் பாருங்கள். 1973-இல் தலைக்கவசம் நம் நாட்டில் கட்டாயமானது. அது மண்டையைக் காக்கும், காதைக் காக்காது. கவசத்தின் கீழ் விளிம்பில் காற்று மோதிச் சுழன்று இரைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரைச்சல் சுமார் 90 டெசிபல். 100 கிலோமீட்டரில் 100 டெசிபலை நெருங்கிவிடும். முகம் திறந்த கவசமானால் இன்னும் மோசம்.

வேலையிடத்தில் ஒருவர் எட்டு மணி நேரத்தில் கேட்கும் சத்தம் சராசரியாக 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2019-ஆம் ஆண்டு வந்த நம் நாட்டு விதி. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காது தாங்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி, 100 என்றால் கால் மணி நேரம்தான். பகாவிலிருந்து சிரம்பானுக்கு ஒருமுறை போய் வந்தாலே கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். உட்காதின் நுண்ணிய உணர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

இப்போது கோளாறு எங்கே என்று புரிந்திருக்கும். காதின் வாயிலில் லேசாகத் தொங்கும் மலிவு இயர்போன் காற்றைத் தடுக்காது. பையன் அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டுமென்று சத்தத்தை ஏற்றுகிறான். காதுக்கு இரண்டு அடி!

ஆகவே வாங்கும்போது காதுத் துளைக்குள் நுழைந்து அடைக்கும் வகையைக் கேளுங்கள். பெயர்போன கம்பெனியா என்பதைவிட, முனையிலுள்ள ரப்பர் உங்கள் காதுக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு "ஆ" என்று சொல்லும்போது உங்கள் குரல் தலைக்குள் முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. பஞ்சுபோன்ற நுரை முனை கிடைத்தால் இன்னும் நல்லது. அதை விரலால் உருட்டிச் சுருக்கி, காதை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு செருகி, விரியும் வரை சற்றுப் பிடித்திருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது தலைக்கவசத்தையும் எடுத்துப் போங்கள். வெளியே துருத்தி நிற்கும் இயர்போனைக் கவசம் நசுக்கும். அரை மணியில் காது வலிக்கும். தட்டையானதுதான் ஏற்றது.

"சத்தத்தை மின்சாரத்தால் அழிக்கும்" என்று கூடுதல் விலை சொல்வார்கள். விமானத்தின் சீரான உறுமலுக்கு அது நன்றாக உதவும். தாறுமாறாக அடிக்கும் காற்றுக்கு அந்த அளவு உதவாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

எவ்வளவு சத்தம் வைப்பது? எஞ்சின் போடுமுன், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கும் அளவில் வைத்துவிட்டு, வழியில் ஏற்றாமல் இருக்க வேண்டும். இதுதான் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது.

என் மனத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நுரை அடைப்பான் போதும். விலையும் கொஞ்சம்தான். அது காற்றின் இரைச்சலையும் லோரியின் ஹாரனையும் ஒன்றாகக் குறைக்கும். ஹாரன் தனியாகக் கேட்கும். பாட்டு அப்படியல்ல, ஹாரனை மூடிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தோட்டத்துக் கிளைச் சாலையிலிருந்து சட்டென்று வெளியே வரும் இடங்கள் உங்களுக்கே தெரியும். பாட்டில்லாமல் இருக்க முடியாத பையன் அந்த இடங்களிலாவது நிறுத்தட்டும். ஒரு காதில் மட்டும் போடுகிறேன் என்பார்கள் சிலர். மற்றக் காது காற்றுக்குத் திறந்தே கிடக்கும்.

ரப்பர் முனையை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். அண்ணன் போட்டதைத் தம்பி போடக்கூடாது. காதில் சீழ் வடிபவர் எதையும் செருக வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைந்துகொண்டே இருக்கிறதா? தொலைக்காட்சியின் சத்தத்தைப் பையன் கூட்டிக்கொண்டே போகிறானா? அடுத்த ஓய்வு நாளிலேயே அவனை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போய்க் காதைச் சோதித்துப் பாருங்கள்.