விமானம் ஏறும் முன் வாங்க வேண்டிய கையெழுத்து

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பது இங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயிலின் ஐதிகம். ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும் இவ்வூரில்தான் என்கிறது வைணவ மரபு. படிப்பதற்காகப் பிள்ளைகள் தேடி வந்த இந்த வட்டாரத்திலிருந்து இப்போது பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். பொருளாதாரமோ சமூகப் பணியோ படிக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் ‘ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் சர்வதேச வளர்ச்சி படிக்கலாம்’ என்ற விளம்பரம் கைப்பேசியில் வருகிறது. பெற்றோர் விசா, தங்குமிடம், கட்டணம் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அங்கே படித்த பாடம் இங்கே பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

சேராவிட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டில் நன்றாகத் தேறிய பிள்ளை, ஊரில் அந்த செமஸ்டரின் கட்டாயத் தாள்களை எழுதாதவராகவே இருப்பார். திரும்பி வந்ததும் அத்தனையும் அரியர். வருகைப் பதிவு குறைந்தால் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரை மறுபடி படிக்கவும் நேரலாம். வாங்கிய கல்விக்கடனின் வட்டி மட்டும் நிற்காது.

அங்கே பெற்ற கிரெடிட்டை, அதாவது பாடத்தின் மதிப்பு அலகை, ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, ஏஜென்டுக்கும் இல்லை. உங்களுக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் விதிகளே அதைத் தீர்மானிக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிப்பவருக்கு முதல்வரோ துறைத்தலைவரோ ‘போய்ட்டு வாம்மா, பார்த்துக்கலாம்’ என்று சொல்வது போதாது, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். எந்த வெளிநாட்டுத் தாள் இங்குள்ள எந்தத் தாளுக்கு ஈடு, எத்தனை கிரெடிட், கிரேடை எப்படி மாற்றுவார்கள் என்ற மூன்றும் அந்த ஒப்புதலில் எழுத்தாக இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இதை ஒரு நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் படிப்பு தொடங்கும் முன்பே ‘கற்றல் ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்திடுவார்கள். அங்கே போய்த் தாளை மாற்றினால் ஒப்பந்தத்தையும் மூவரும் திருத்துவார்கள். பாவு பூட்டிய பிறகு சேலையின் நிறத்தை மாற்ற முடியாது என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்தும் அப்படித்தான், கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். எராஸ்மஸ் அல்லாத திட்டத்தில் போகிறவர்களும் இதே மாதிரி ஒரு தாளைத் தயாரித்துக் கையெழுத்து கேட்கலாம்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக மதுரையில் ‘சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்’ என்ற திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தின. மதுரையில் தமிழ் கற்று, ஏதாவதொரு பொருளில் தனியாக ஆய்வு செய்த அந்த மாணவர்களுக்கு அந்த செமஸ்டர் வீணாகவில்லை. அனுப்பிய கல்லூரிகளே திட்டத்தின் பங்காளிகளாக இருந்ததுதான் காரணம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனியாகக் கிளம்புகிறார்கள். அதனால் கேள்வி கேட்கும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. ஐரோப்பாவில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், பிரிட்டனில் 120. நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பிலோ ஆண்டுக்கு 40தான். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். ஆகவே பிரிட்டனில் 60 கிரெடிட் முடித்தவருக்கு இங்கே 60 கிடைக்காது. அது அரையாண்டுப் படிப்புதான்.

சர்வதேச வளர்ச்சிப் படிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் களப்பணிக்கும் இடம் உண்டு. ஒரு கிராமத்தில் குடிநீர்த் திட்டத்தையோ சுய உதவிக் குழுவையோ ஆய்வு செய்து அறிக்கை தருவார்கள். மதிப்பெண் பட்டியலில் ‘களப்பணி: தேர்ச்சி’ என்று ஒரே ஒரு வரி மட்டும் வரலாம். கிரேடு இல்லாத அந்த வரியை வைத்து இங்கே சிஜிபிஏ போட முடியாது. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிட்டார்கள் என்று பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கடிதம் வாங்கி வர வேண்டும். சிலபஸ், களக்குறிப்பு, அறிக்கை எதையும் தூக்கிப்போடக் கூடாது.

சில திட்டங்களை நடத்துவது பல்கலைக்கழகமே அல்ல, தனியார் அமைப்புகள். பணம் கட்டும் முன் ‘டிரான்ஸ்கிரிப்ட் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், உங்கள் கைக்கு வரப்போவது வெறும் பங்கேற்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. இணைப்புத் திட்டம் எனப்படும் ட்வின்னிங்கில் வெளிநாட்டு கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃபிரான்சைஸ் முறைக்கு அனுமதியே இல்லை. மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021இல் வந்த கிரெடிட் வங்கியில் மாணவர் தன் கிரெடிட்டைத் தானே ஏற்ற முடியாது. கல்வி நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச்சான்று தரும் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் முழுப் படிப்புக்கானவை. ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு அவற்றைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு கல்லூரி கைவிரித்தால் வழி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழுவிடம் மனு கொடுக்கலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரை தருவது முறை. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ‘கிரெடிட் நிச்சயம்’ என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட் மீது, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கட்டியது 5 லட்ச ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் அங்கே உங்கள் சாட்சிகள்.

போகலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு ஒரு யோசனை. அரசுப் பல்கலைக்கழகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துத் திரும்பிய எத்தனை பேருக்கு கிரெடிட் தரப்பட்டது, எந்த விதியின் கீழ்? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முன்பணம் கட்டக் கடைசி நாள் எப்போது என்று பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.