காதில் விழாத சத்தம் ஒட்டிய கூடு

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் செல்போன் சார்ஜர் திடீரென்று உயிரை விட்டது. தெருக்கோடியில் மிக்ஸி, ரேடியோ எல்லாம் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். மறுபடி கீழே வைத்துவிட்டார்.

"இதிலே ஸ்க்ரூ எங்கேம்மா இருக்கு? திறக்கிறதுக்கு வழி வச்சே பண்ணலே!" என்றார்.

உண்மைதான். பசை தடவிய சுவடுகூட இல்லை. ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது, அவ்வளவுதான். இரண்டு பாதிகளும் எப்படிச் சேர்ந்தன? விசாரித்தபோது கிடைத்த பதில் வேடிக்கையாக இருந்தது. இத்தகைய கூடுகளில் பலவற்றைச் சத்தத்தால் ஒட்டுகிறார்களாம்! அதுவும் நம் காதில் விழாத சத்தம்.

விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுக்கு மேல் போனால் மனிதக் காதுக்கு எட்டாது. (நாய்க்கு எட்டும், அது வேறு சமாசாரம்.) சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-ல் கண்டவர்கள் ஜாக், பியர் க்யூரி சகோதரர்கள். ரேடியம் புகழ் மேரி க்யூரியின் கணவர்தான் இந்தப் பியர். அதே படிகத்துக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது நீண்டு சுருங்கும். ஒட்டும் யந்திரத்தின் உள்ளே அப்படி நீண்டு சுருங்கும் பீங்கான் வில்லைகள் இருக்கின்றன. அவற்றின் துடிப்பை வாங்கிக் கீழே கொண்டு வருவது டைட்டேனியத்திலோ அலுமினியத்திலோ செய்த ஒரு கட்டை. அதற்கு 'ஹார்ன்' என்று பெயர். ஊதுகிற கொம்பு அல்ல! ஆனால் தம்பூராவைப் போல இதற்கும் சுருதி உண்டு. 20,000 அதிர்வுக்கு இதன் நீளம் சுமார் 12, 13 சென்டிமீட்டர். நீளம் பிசகினால் சுருதியும் பிசகிவிடும், வேலை நடக்காது.

சோமாசிக்கு ஓரம் ஒட்டப் பால் தொட்டுக் கொள்கிறோம் அல்லவா? இங்கே பாலுக்குப் பதில், ஒரு பாதியின் ஓரத்தில் வரப்பு மாதிரி கூரான சிறு மேடு விட்டிருப்பார்கள். ஹார்ன் மேலிருந்து அழுத்தித் துடிக்கும்போது, துடிப்பு முழுவதும் அந்தக் கூர் முனையில்தான் போய்ச் சேருகிறது. அங்கே மட்டும் உஷ்ணம் ஏறி, பிளாஸ்டிக் உருகிப் பரவுகிறது. துடிப்பு நின்ற பிறகும் சற்றே அழுத்திப் பிடித்தால் இறுகிவிடும். எல்லாம் ஒன்றிரண்டு விநாடிக்குள்!

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு வசப்படாது. நெய் உருகும், மறுபடி உறையும். வெந்த இட்லி திரும்ப மாவாகுமா? குக்கர் கைப்பிடிக்குப் போடும் பேக்லைட் இட்லி ஜாதி.

இந்த வித்தை கைவந்த கதையும் ரசமானது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பிரான்ஸன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் இருந்தவர் ராபர்ட் சோலாஃப். மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதிர்வுக் கருவியால் ஒட்டுவது அப்போதே தெரியும். தையல் போடுவது போலக் கருவியை ஓரம் முழுதும் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் கருவி தற்செயலாகப் பக்கத்தில் இருந்த டேப் வைக்கும் பிளாஸ்டிக் கூட்டருகே போய்விட்டது. கூட்டின் இரு பாதிகளும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன! கெட்டியான பிளாஸ்டிக்கின் ஊடே துடிப்பு தானாகவே பரவும் என்பது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. 1965-ல் அவருக்கும் லின்ஸ்லி என்பவருக்கும் பேடன்ட் கிடைத்தது. முதலில் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் பொம்மை செய்கிறவர்கள்.

2020-ல் நாம் கட்டிக்கொண்ட முகக்கவசம் ஒன்று அலமாரியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். காதில் மாட்டும் நாடா சேரும் இடத்தில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். இதே வேலைதான்! ஆஸ்பத்திரியில் உபயோகிக்கும் வடிகட்டிகளுக்கும் இது பெரிய உபகாரம். பசை இல்லாததால் மருந்தோடு பசை கலக்குமோ என்ற பயமில்லை.

சார்ஜர் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். உள்ளே போகும் மின்சாரம் 230 வோல்ட். குழந்தையின் விரல் நுழையக் கூடாது, சரிதான். அதற்காக ஒரு சின்னச் சாமான் கெட்டாலும் முழுதையும் எறிய வேண்டுமா?

கடைக்காரர் என் பிடிவாதத்துக்காகக் கோட்டின் மேல் ரம்பப் பிளேடை வைத்து அறுத்தார். உள்ளே ஒரு சின்னப் பாகம் உப்பிக் கிடந்தது. மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"மாத்திடலாம்மா. மூடறது எப்படி? டேப்பைச் சுத்தி வீட்டிலே சொருகுவீங்க, நாளைக்கு யாராவது கையை வைப்பாங்க. வேணாம், புதுசு வாங்கிக்குங்க" என்றார். அறுத்ததற்குக் காசும் வாங்கவில்லை.