மூக்கை இழந்தாலும் முகத்தை மறைக்க வேண்டாம்... கைகொடுக்கும் சிலிக்கான் உறுப்புகள்!

சோழவந்தான் பக்கம் நெல் வயலே கதியென்று, வெயிலில் நின்றே வயதானவர்கள் அதிகம். மூக்கோரம் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தாலும், 'சூட்டுக் கட்டி' என்று மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

உலக அளவில் அதிகம் காணப்படும் 'பேசல் செல்' வகைத் தோல் புற்றுநோய், பெரும்பாலும் முகத்தில்தான் வருகிறது. மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். ஆனால், கவனிக்காமல் விட்டால் மூக்கு, காது, கண்ணிமையை அரித்துவிடும். கண்ணிமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியையும் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

சின்னப் புண் என்றால் அகற்றிவிட்டுத் தையல் போட்டோ, வேறு இடத்துத் தோலை ஒட்டியோ சரிசெய்துவிடலாம். முற்றிய நிலையில் மூக்கையோ, கண்ணையோ முழுதாக எடுக்க வேண்டிவரும். நோய் போய்விடும். ஆனால், தோளில் கிடந்த துண்டு முகத்துக்கு ஏறிவிடும். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்தாலும் வாசலைத் தாண்டத் தயங்குவார்கள்.

செய்து தருவது பல் டாக்டர்!

இவர்களுக்காகவே இருக்கின்றன செயற்கை முக உறுப்புகள். இவற்றைச் செய்வது, பல்செட் கட்டும் 'ப்ராஸ்தோடான்டிக்ஸ்' பிரிவு டாக்டர்கள். முதலில் முகத்தை அச்செடுத்து, பழைய போட்டோவைப் பார்த்து மெழுகில் மூக்கை உருவாக்குவார்கள். முகத்தில் வைத்துச் சரிபார்த்தபின், சிலிக்கானில் வார்த்து, அவரவர் தோல் நிறத்தை ஏற்றுவார்கள்.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு, பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி செம்புத் தகட்டில் முகமூடி செய்து, மூக்குக்கண்ணாடியோடு மாட்டிவிட்டார். இன்றும் கண்ணாடி ஃப்ரேமோடு இணைக்கும் முறை உண்டு. மருத்துவப் பசையால் ஒட்டலாம். ஆனால், வியர்த்தால் பிடி தளரும். எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து, காந்தத்தால் பொருத்துவது உறுதியானது.

இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். வெயிலில் நிறம் மங்குவதால் ஓரிரு ஆண்டுகளில் புதிதாகச் செய்ய வேண்டிவரும். இதில் ஒரு நன்மையும் உண்டு. கழற்றிப் பார்த்தாலே, நோய் திரும்பியிருக்கிறதா என்று டாக்டர் கவனித்துவிடலாம்.

எப்போது கேட்க வேண்டும்?

ஆபரேஷனுக்கு முன்பே! அப்போதே முகத்தை அச்செடுத்து வைத்தால் பழைய சாயலைக் கொண்டுவருவது எளிது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ, கண் சார்ந்த பிரச்னை என்றால் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ சிகிச்சை பெறுபவர்கள், 'செயற்கை உறுப்பு வைக்க முடியுமா, எங்கே செய்வார்கள்?' என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.