கருத்தடை மாத்திரையை நிறுத்திய பின் மாதவிடாய் ஏன் மாறுகிறது?

"மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. முதல் மாதம் 4 நாளில் நின்றுவிட்டது. இந்த மாதம் 12 நாளாகியும் நிற்கவில்லை. தொழலாமா, கூடாதா?"

இப்படிக் கேட்க நினைக்கும் சகோதரிகள் பலர், டாக்டரிடமும் கேட்காமல் ஆலிமாவிடமும் கேட்காமல் மனதுக்குள் வைத்துக் குழம்புகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாலா என் போன்ற மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். அந்த 7 நாட்களில் ஹார்மோன் நின்றுபோவதால்தான் உதிரம் வருகிறது. கருமுட்டை வெளியாகி, அதன் தொடர்ச்சியாக வரும் இயற்கையான மாதவிடாய் அல்ல அது. தேதி தவறாமல், குறைவாக, வலியின்றி வந்ததற்குக் காரணம் மாத்திரைதான். நிறுத்தியதும் உடல் தன் பழைய கணக்கிற்குத் திரும்புகிறது. அதிகப் போக்கும் வயிற்றுவலியும் முன்பே இருந்தவருக்கு அவை மீண்டும் வரலாம். சினைப்பை நீர்க்கட்டி காரணமாக முன்பே தள்ளிப்போனவருக்கு மீண்டும் தள்ளிப்போகலாம். "மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரியல்ல. மாத்திரை நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை.

மாத்திரையை விட்டவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்திற்குள் மாதவிடாய் திரும்பிவிடும். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசியின் கதை வேறு. அதன் மருந்து உடலை விட்டு மெதுவாகத்தான் நீங்கும். கடைசி ஊசிக்குப் பின் பல மாதங்கள் உதிரமே வராமல் இருக்கலாம், விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாகவும் படலாம். கரு தங்கச் சராசரியாக 10 மாதமாகும். சீக்கிரம் குழந்தை வேண்டுமென்று நினைக்கும் தம்பதியர் இதை ஊசி போடும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். கணவருக்கும் இது தெரிந்திருந்தால் மனைவி மீது வீண் பழி வராது.

இன்னொன்று, மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும். "இன்னும் தீட்டே வரவில்லையே" என்று இருந்தவர்கள் கருவுற்றதும் உண்டு.

இனி தொழுகை. உதிரம் வந்த காரணத்தை மருத்துவம் பார்க்கிறது, வெளிப்பட்ட உதிரத்தை மார்க்கச் சட்டம் பார்க்கிறது. அதனால் மாத்திரைக் காலத்தில் மாதந்தோறும் வந்ததையும் ஹைள் என்றே பெரும்பாலான ஆலிம்கள் கொள்கிறார்கள். ஹைளின் அதிக அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபி மத்ஹபில் 15 நாள். மேலே கேட்ட 12 நாள் கேள்விக்கு இரு மத்ஹபிலும் பதில் மாறுவது இதனால்தான். எல்லையைக் கடந்தது இஸ்திஹாளா. தொடர் உதிரப்போக்கு பற்றிக் கேட்ட ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு, அது நரம்பிலிருந்து வருவது, மாதவிடாய் அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது. இஸ்திஹாளா உடைய பெண் தொழ வேண்டும், நோன்பும் வைக்க வேண்டும். எல்லையைக் கடந்த மாதத்தில் எத்தனை நாள் ஹைள் என்பதற்கு முந்தைய வழக்கம் பார்க்கப்படும். எனவே உதிரம் தொடங்கிய நாள், நின்ற நாள், நிறம் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வைத்து ஆலிமிடம் காட்டுங்கள்.

தலாக் நேர்ந்த பெண், ஊசியால் மாதவிடாய் நின்றிருந்தால், மூன்று மாதத்தில் இத்தா முடிந்தது என்று தானாகக் கணக்கிடக் கூடாது. ஊசி போட்ட விவரத்தைக் காஜியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாத்திரையை விட்டு மூன்று மாதமாகியும் வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு போக்கோ, மயக்கமோ, அடிவயிற்றில் கடும் வலியோ இருந்தால் அன்றே போங்கள்.